மறுவாழ்வு முகாமில் மண்ணும் தண்ணீரும்: மதுரைப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் மூன்று: ஆனையூர், திருவாதவூர், திருமங்கலத்தை ஒட்டிய உச்சப்பட்டி. தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றில் வாழ்கிறார்கள். முகாமில் இயற்கை முறையில் தோட்டம் போடலாம், கழிவுநீரைப் பயனாக்கலாம் என்று நினைக்கும் எல்லோருக்கும் இது. வெளியிலிருந்து போகும் கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படும், உள்ளேயே இருக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயன்படும்.

முகாம் என்றாலே பெரும்பாலானவர்கள் மரக்கன்றோடு போய் இறங்குகிறார்கள். ஐம்பது கன்று, ஒரு பேனர், ஒரு போட்டோ, அதோடு சரி. அடுத்த கோடையில் குச்சிதான் நிற்கும். முகாமில் மரம் நடுவது கடைசி வேலை. முதலில் அனுமதி, அப்புறம் கழிவுநீர், அப்புறம் மண், அதற்கு அப்புறம்தான் செடியும் மரமும்.

ஏன் இந்த வரிசை? முகாம் நிலம் அங்கே குடியிருப்பவர்கள் பேரில் இல்லை. வன்னியிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் இதை ஒரே கேள்வியில் கேட்டார்: "மரம் வைக்கிறது நல்லதுதான் தம்பி. நாளைக்கு எங்களை வேற இடத்துக்கு மாத்தினால் மரத்தையுமா காவிக்கொண்டு போறது?" இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற திட்டம்தான் முகாமில் நிற்கும். காவிக்கொண்டு (தூக்கிக்கொண்டு) போகக்கூடிய மண், மூன்று நாலு வாரத்தில் கைக்கு வரும் கீரை, ஒரு வருஷத்துக்குள் காய்க்கும் முருங்கை, பப்பாளி என்று தொடங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. மாமரமும் தென்னையும் அவர்களாகக் கேட்டால் வையுங்கள்.

வெளிநாட்டு முகாம்களிலும் இதே கதைதான். ஜோர்டானில் சிரிய அகதிகளுக்காக 2012-இல் திறந்த ஜாத்தாரி முகாம் பாலைவனத்தில் இருக்கிறது. தண்ணீரும் கிடையாது, நல்ல மண்ணும் கிடையாது. அங்கே குவிந்து கிடந்தது பழைய மெத்தைகள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முகாம்வாசிகளும் சேர்ந்து, அந்த மெத்தை நுரையை மண்ணுக்குப் பதிலாக வைத்துக் காய்கறி வளர்த்தார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வந்து சேர்ந்தபோது, குடிசைக்கும் விறகுக்கும் குன்றுகள் மொட்டையாகிவிட்டன. அங்கே கேஸ் அடுப்பு கொடுத்து விறகு வெட்டுவதைக் குறைத்தார்கள். சரிவுகளில் வெட்டிவேரும் மரக்கன்றும் நட்டது பலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருப்பதைப் பார், ஒழுகுவதை அடை, அப்புறம் நடு. ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970-களில் பெர்மாகல்ச்சர் (இயற்கையை ஒட்டிய நிலைத்த வேளாண்மை) என்று வகுத்ததும், இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் பெரும்பாலும் இதையொட்டித்தான்.

முதல் படி: கேட்க வேண்டியவர்களைக் கேட்பது

முகாமுக்குள் வெளியாள் நினைத்த நேரத்தில் போய்வர முடியாது. அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வருவாய் ஆய்வாளரையும் முகாம் தலைவரையும் நேரில் பாருங்கள். மனுவில் "தோட்டம்" என்று பொதுவாக எழுதாமல், எந்த வரிசை வீடுகள், எத்தனை அடி, குழி தோண்டுவீர்களா, பைப் இழுப்பீர்களா என்று எழுதுங்கள். பின்னால் அதிகாரி மாறினாலும் அந்தக் காகிதம் பேசும்.

2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கென ரூ.317.40 கோடிக்குத் திட்டம் அறிவித்து, பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவுசெய்தது. அதனால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த இடத்தில் புது வீடோ, ரோடோ, வாய்க்காலோ வரப்போகிறதா? வரப்போகிறது என்றால் அங்கே குழி வேண்டாம், சாக்குத் தோட்டம் போதும்.

இரண்டாம் படி: அடுப்படியிலிருந்து பட்டியல்

என்ன நடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒரு சாயங்காலம் பெண்களோடு உட்கார்ந்து, வாரத்தில் என்னென்ன சமைக்கிறீர்கள், எதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், எது இங்கே கடையில் கிடைப்பதில்லை என்று கேளுங்கள். நம் ஊர்ப் பட்டியலில் இல்லாத சில பேர் அதில் வரும். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, மரவள்ளி, வற்றாளை (நாம் சர்க்கரைவள்ளி என்போம்), கறிக்குப் போடும் ரம்பை இலை. ரம்பை மதுரைக் கடைகளில் லேசில் கிடைக்காது. நிழலும் ஈரமும் கொடுத்தால் தொட்டியில் வளரும். நான் பார்த்தவரை, வாழைக் கன்றுக்கு வராத கூட்டம் ரம்பைக்கு வரும்.

பெரியவர்களில் பலர் இலங்கையில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்ட குடும்பத்தினர். கிணற்றுப் பாசனத்தில் பாத்தி கட்டி ஒரு சொட்டு வீணாக்காமல் விவசாயம் செய்தவர்களுக்கு நீங்கள் போய்ப் பாத்தி கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள், மண்ணில் கை வைத்திருக்க மாட்டார்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து ஒரு பாத்தி போட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

மூன்றாம் படி: தண்ணீர்

இதில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகட்டும். லைன் வீடுகளில் பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாசல் வாய்க்காலில் தேங்கி நாறும், கொசு பிடிக்கும். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு 10 குடம் புழங்கினால், குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் 150 லிட்டர். இருபது வீட்டு வரிசைக்கு 3,000 லிட்டர். அத்தனையும் வீணாக ஓடுகிறது. செடிக்கு மட்டும் தண்ணீர் இல்லை என்கிறோம்.

முதலில் ஒரு நாள் முழுக்க எந்தத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். கழிப்பறைத் தண்ணீரும் குழந்தைத் துணி அலசிய தண்ணீரும் எக்காரணம் கொண்டும் தோட்டத்துக்கு வரக்கூடாது. முகாம்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பெயிண்ட். வேலை முடிந்து சாயங்காலம் வரும் ஆண்கள் பிரஷ்ஷையும் ரோலரையும் குழாயடியில் அலசுவார்கள். அந்த வெள்ளைத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்குள் போகும். தோட்டத்துக்குத் திருப்பப்போகும் வாய்க்காலில் இது கலக்கவே கூடாது. அலசுவதற்கென்று தனியாக ஒரு பழைய டிரம் வையுங்கள். பெயிண்ட் அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை அடுத்த அலசலுக்கே வைத்துக்கொண்டு, அடிவண்டலைக் காயவைத்துக் குப்பை வண்டியில் போட்டுவிடலாம். ஆண்களிடம் இதைப் பேச முகாமில் மூத்த பெயிண்டர் ஒருவரைப் பிடியுங்கள்; நீங்கள் சொன்னால் எடுபடாது.

அடுத்தது வாழைக்குழி, அதாவது கழிவுநீரை உள்ளே விட்டுச் சுற்றிலும் வாழை வைக்கும் குழி. புத்தகக் கணக்கு ஆறடி விட்டம். முகாமில் அவ்வளவு இடம் ஏது, நாலடி விட்டம் போதும். இரண்டடி ஆழம் தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போடுங்கள். குழிக்குள் அடியில் கட்டை, சீமைக்கருவேலம் கிளை, மேலே தென்னை மட்டை, காய்ந்த இலை, வைக்கோல் என்று மேடு தட்டும்வரை நிரப்புங்கள். கழிவுநீர்க் குழாயின் வாய் இந்தச் சருகுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியில் தண்ணீர் தெரியக்கூடாது. தெரிந்தால் கொசு வரும். வரப்பில் மூன்று வாழை, வாழைகளுக்கு இடையில் ஒரு பப்பாளி, வெளிச்சரிவில் வற்றாளைக் கொடி, ஈரம் அதிகம் நிற்கும் பக்கம் சேம்பும் கல்வாழையும். குழிக்குள் சருகு மக்கி அமுங்கும்போது மேலே புதுச் சருகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குழிக்கு இடம் பார்க்கும்போது வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளுங்கள், இல்லாவிட்டால் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். கிணறு, போர் இருந்தால் 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் அங்கே ஓரடிக் குழி வெட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். திருவாதவூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் சீக்கிரம் இறங்கிவிடும். திருமங்கலத்துக் கரிசலில் மறுநாள் வரைக்கும்கூட நிற்கும். கரிசலாக இருந்தால் ஒரே ஆழக்குழிக்குப் பதில் இரண்டு மேலோட்டமான குழி போட்டு, ஒரு வாரம் இதற்கு, ஒரு வாரம் அதற்கு என்று தண்ணீரை மாற்றி விடுங்கள். துணி துவைக்கும் பவுடரில் சோடியம் உப்பு இருக்கிறது. அது கரிசலை இன்னும் இறுக்கிவிடும். துவைத்த முதல் தண்ணீரை வாய்க்காலுக்கே விட்டுவிட்டு, அலசிய தண்ணீரை மட்டும் குழிக்குத் திருப்பினால் போதும்.

இன்னும் இரண்டு கண்டிப்பு. கழிவுநீரை ஒரு நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கீரை, வல்லாரை, மல்லி மாதிரி இலையாகச் சாப்பிடுவதற்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். வாழைக்கும் முருங்கைக்கும் பப்பாளிக்கும் மட்டும், அதுவும் வேரடியில்.

கீரைக்குத் தண்ணீர்? மழையைப் பிடிக்க வேண்டியதுதான். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வரும். 300 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால், சிந்தியது போக ஆயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். அத்தனையையும் பிடிக்கத் தொட்டி வாங்க முடியாது. ஆளுக்கொரு 200 லிட்டர் டிரம், வாயில் கொசுவலை, நிரம்பி வழிவது பாத்திக்குப் போக ஒரு சின்ன வாய்க்கால், அவ்வளவு செய்தால் சரி. மூடாத டிரம் வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும்.

நான்காம் படி: மண்ணைச் செய்வது

புது வீடு கட்டிய இடத்தில் மண் என்று பேருக்குத்தான் இருக்கும். செங்கல் தூளும் சிமெண்டுக் கட்டியும் கலந்திருக்கும். முதல் ஓரடியைக் கொத்திப் பொறுக்குங்கள். பொறுக்கியும் வெள்ளையாகப் பொடிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே பாத்தி எழுப்புங்கள்.

மட்கு உரம் செய்யப் பச்சைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 30-க்கு 1 என்று சொல்வதை அளந்து பார்க்க முடியாது. நாற்றம் வந்தால் காய்ந்தது குறைவு, பல வாரம் ஆகியும் அப்படியே கிடந்தால் பச்சையோ ஈரமோ குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை புரட்டினால் கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்வாசம் வரும்.

பொருளுக்கு மதுரையில் பஞ்சமே இல்லை. மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் காலையில் முட்டைக்கோஸ் இலை அள்ள அள்ளக் கிடைக்கும். பூ மார்க்கெட் கழிவும் கிடைக்கும், ஆனால் மல்லிகைக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள், அதை வாழைக்குழிக்குள் போடுங்கள், கீரைப்பாத்திக்குப் போகும் உரத்தில் சேர்க்காதீர்கள். இளநீர்க் கடை மட்டையை நறுக்கி மூடாக்காகப் போட்டால் வெகுநாள் ஈரம் காக்கும். கிடை போடும் கீதாரிகள் பக்கத்தில் வந்தால் ஆட்டுப் புழுக்கை கேளுங்கள். சாணத்தைவிட இது உசத்தி என்று சொல்வேன், முகாமுக்குள் கொண்டுவரவும் சுலபம், மூட்டை கனக்காது.

கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கிடைக்கும். பக்கத்து விவசாயி யாராவது டிராக்டரில் எடுக்கும்போது ஒரு நடை நம் பக்கம் கொட்டச் சொல்லலாம், ஆனால் அதையும் அனுமதிச் சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். செம்மண்ணுக்கு வண்டல் அருமை. கரிசலுக்கு அது வேண்டாம், ஏற்கெனவே களி அதிகம். அங்கே மணலும் மட்கும் போடுங்கள்.

கரித்தூள் ஒன்று இருக்கிறது. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தைக் கரி மூட்டம் போடுகிற இடங்களில் அடியில் மிஞ்சும் தூளை மலிவாகக் கொடுப்பார்கள். அப்படியே போட்டால் மண்ணிலுள்ள சத்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். ஜீவாமிர்தத்தில் ஒரு வாரம் ஊறவைத்துப் போட்டால் வருஷக்கணக்கில் ஈரமும் சத்தும் பிடித்து வைக்கும். ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்று சொல்வார்கள். முகாமுக்கு 20 லிட்டர் போதும். சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், ஏதாவது பயறு மாவு 200 கிராம், ஒரு மரத்தடி மண் ஒரு பிடி, மிச்சம் தண்ணீர். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கி, இரண்டு மூன்று நாளில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், வந்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

இப்போது காவிக்கொண்டு போகும் மண்ணுக்கு வருவோம். கென்ய முகாம்களில் பழகிப்போன சாக்குத் தோட்டம் இங்கே அப்படியே பொருந்தும். 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று, அடியும் மூடியும் இல்லாத தகர டப்பா ஒன்று. சாக்கின் நடுவில் டப்பாவை நிறுத்தி, அதற்குள் கூழாங்கல்லோ செங்கல் ஜல்லியோ நிரப்புங்கள். சுற்றிலும் மண் இரண்டு பங்கு, மட்கு ஒரு பங்கு, மக்கிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. மண் டப்பா உயரத்துக்கு வந்ததும் டப்பாவை மேலே உருவி, மறுபடி கல், மறுபடி மண். முடிவில் நடுவே ஒரு கல் தூண் நிற்கும். அதன் தலையில் ஊற்றும் தண்ணீர் அடிவரைக்கும் போய்ச் சேரும். இந்தத் தூண் இல்லாத சாக்கில் மேலே சேறும் கீழே புழுதியுமாக இருக்கும். சாக்கின் பக்கவாட்டில் சாணி வறட்டியளவு இடைவெளி விட்டுக் கீறி, பொன்னாங்காணித் தண்டு செருகுங்கள். தலையில் ஒரு கத்தரி, ஒரு மிளகாய். சாக்கு மதுரை வெயிலுக்கு வெகுநாள் தாங்காது. நைந்து இழை பிரிவதற்குள் வேறு சாக்குக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இழை மண்ணோடு கலந்துவிடும்.

பெயிண்டர் வீடுகளில் 20 லிட்டர் வாளி அடுக்கி வைத்திருப்பார்கள். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் வாளி என்றால், ஒட்டிய பெயிண்டை முழுக்க உரித்து, தேய்த்துக் கழுவி, பூச்செடிக்கும் ரம்பைக் கன்று ஊன்றவும் வைத்துக்கொள்ளலாம். எனாமல், தின்னர், பிரைமர் டப்பாவைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஐந்தாம் படி: நடவு

சிறுகீரை, தண்டுக்கீரை சித்திரை வைகாசி தவிர எப்போதும் போடலாம், 25 நாளில் பிடுங்கலாம். முதல் விளைச்சல் சீக்கிரம் வந்தால்தான் ஆட்களுக்கு நம்பிக்கை வரும் என்பதால் கீரையில் தொடங்குங்கள். ஆடிப்பட்டத்தில் கத்தரி, மிளகாய், அவரை, பீர்க்கு, சுரை. தைப்பட்டத்தில் வெண்டை, தக்காளி, பூசணி. சித்திரை வைகாசியில் புதிதாக எதையும் நடாதீர்கள். பழைய சேலையைக் கட்டி நிழல் கொடுத்து, இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

முருங்கையில் இரண்டு வழி உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 விதை போட்டு வளர்ப்பது, ஆறேழு மாதத்தில் காய்க்கும். யாழ்ப்பாண முருங்கை என்றே ஒரு ரகம் தமிழ்நாட்டில் இருக்கிறது, நீள நீளமாகக் காய்க்கும், போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டு வளர்ப்பது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அதையே வையுங்கள். காற்றுக்கு முறியும் மரம் என்பதால் கூரைக்கும் கரண்ட் கம்பிக்கும் தள்ளி நட்டு, தலையை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். கீரையும் கைக்கு எட்டும்.

ஆறாம் படி: யார் பார்த்துக்கொள்வது

பொதுத்தோட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோருடையதும் என்றால் கடைசியில் ஒரே அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். சாக்கும் பாத்தியும் வீட்டுக்கு வீடு தனியாக இருக்கட்டும். வாழைக்குழி, மட்குக்குழி, நாற்றங்கால் மூன்று மட்டும் பொது. அவற்றுக்கு வரிசைக்கு இரண்டு பேர், மாதம் ஒருமுறை முறை மாற்றம். வாழைத்தார் வெட்டினால் எப்படிப் பங்கு என்பதை வாழை நடுவதற்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். ஆடும் கோழியும் வளர்ப்பவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். வேலி யார் செலவு என்பதில்தான் பாதிச் சண்டை.

விதைக்கு ஒரு வீடு வேண்டும். கத்தரியில் இரண்டு காயைப் பழுக்க விட்டு, விதையை அலசி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டு, ரகத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த ஆடிக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: மிச்சமானால்

இந்தத் தோட்டத்தால் ஒரு குடும்பம் பிழைத்துவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், பிழைக்காது. கீரைக்கும் பச்சை மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் கடைக்கு ஓடுவது குறையும், வாசலில் நாற்றம் போகும், பிள்ளைகள் தட்டில் பச்சை வரும். அதுவே பெரிய விஷயம்.

மிச்சத்தை விற்க உழவர் சந்தைதான் முதலில் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. ஆனால் அங்கே கடை போட உழவர் அட்டை வேண்டும், அட்டைக்கு நிலத்துக்கான ஆவணம் கேட்பார்கள். முகாம் குடும்பத்திடம் அது இருக்காது. அதனால் கீரைக்கட்டை முகாமை ஒட்டிய தெருவிலும் மெஸ்களிலும் கொடுங்கள். அதைவிட லாபம் நாற்றில் இருக்கிறது. ஒரு பாத்தி இடத்தில் நூற்றுக்கணக்கில் கத்தரி, மிளகாய் நாற்று வரும், தண்ணீரும் கொஞ்சம்தான் குடிக்கும், வீட்டுத்தோட்டக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஆனி மாதமே ஆர்டர் பிடித்து, பாதி முன்பணம் வாங்கிவிடுங்கள். ஆடி பதினெட்டுக்கு அப்புறம் வருகிறவர்கள் பேரம்தான் பேசுவார்கள்.